கடைசிக் கடிதங்களின் முன்னால் நின்றுவிட்ட டீச்சருக்கு

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. லண்டனில் இருக்கும் மகள் போன முறை வந்தபோது ரஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவின் கடிதத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். ஆங்கிலத்தில், 2004இல் பென்குயின் வெளியிட்டது. செக்கோவின் கதைகளை இளவயதில், மொஸ்கோவிலிருந்து வந்த மலிவுப் பதிப்புகளில் தமிழிலேயே வாசித்திருக்கிறேன். ஆனால் இந்தக் கடிதங்கள் பிடித்துக்கொண்ட மாதிரி அந்தக் கதைகள் என்னைப் பிடித்துக்கொண்டதில்லை. பின்னேரமானால் கை தானாகப் புத்தகத்துக்குப் போகிறது. இது வம்பு கேட்பதில் வரும் இன்பந்தானோ என்று ஒரு சந்தேகம். என் தம்பியும் ஆசிரியர்தான். ‘மற்ற ஆளுக்கு எழுதின கடிதத்தை வாசிக்கிறது ஒழுங்கான வேலையா அக்கா?’ என்று கேட்கிறான். இலங்கையைப் பற்றிய பக்கத்தைப் புரட்டி, இந்த நாட்டில் சந்தித்த ஒரு பெண்ணைப் பற்றி அவர் எழுதியிருப்பதைக் காட்டி, ‘இதுதானா உங்கட பெரிய எழுத்தாளர்?’ என்றான். எனக்குப் பதில் வரவில்லை. எண்பதுகளில் மத்திய கிழக்கிலிருந்து வந்த கடிதங்களை, எழுத வாசிக்கத் தெரியாத அயல்வீட்டுத் தாய்மாருக்கு நான் வாசித்துக் காட்டியிருக்கிறேன். அப்போது வராத கூச்சம் இப்போது வருகிறது. இன்னொன்று, 1904ஆம் ஆண்டுக் கடிதங்கள் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டேன். அந்த வருடம் அவர் இறந்துவிடுவார் என்று தெரியும், மேலே வாசிக்க மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்? இதன் பிறகு தமிழில் இப்படி வாசிக்க எவை இருக்கின்றன?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை, பிள்ளைகளைப் புத்தகம் எடுக்க வைப்பது எப்படி என்பதாகவே இருக்கும். எடுத்த புத்தகத்தை வைக்க முடியவில்லை என்று ஒருவர் எழுதினால் ஒரு நூலகருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் கேள்விகளில் தம்பி கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தட்டிக்கழிக்க முடியாத கேள்வி அது.

மற்றவருக்கு எழுதிய கடிதத்தை வாசிக்கும்போது கொஞ்சம் கூச்சம் வரத்தான் வேண்டும். அது துளியும் இல்லாமல் வாசிப்பவரைத்தான் நான் சந்தேகப்படுவேன். ஆனால் கூச்சம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடத் தேவையில்லை. அந்தக் கடிதங்கள் யாருடைய கையால் வெளியே வந்தன என்று பாருங்கள். செக்கோவ் தனக்கு வந்த கடிதங்களைக் கிழித்து எறிபவர் அல்லர். வருடம் முடிந்ததும் தங்கை மரியாவோடு உட்கார்ந்து, யாரிடமிருந்து வந்தது என்று பிரித்துக் கட்டி வைப்பார். 1901 ஆகஸ்டில் அவர் எழுதிய உயிலே அந்தத் தங்கைக்கு எழுதிய ஒரு கடிதம்தான். அவர் எழுதிய கடிதங்களை நண்பர்களிடமும் உறவினரிடமும் தேடித் திரட்டி, 1912 முதல் 1916 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டவரும் மரியாதான். 1957இல் இறக்கும்வரை, கருங்கடற்கரை ஊரான யால்ட்டாவில் அண்ணனுடைய வீட்டைக் காத்துக்கொண்டிருந்தார். செக்கோவ் எல்லாவற்றையும் நம்பி ஒப்படைத்த ஆளின் கையிலிருந்துதான் இந்தக் கடிதங்கள் நமக்கு வந்தன. நீங்கள் யாருடைய பெட்டியையும் உடைக்கவில்லை.

எல்லாத் தொகுப்புக்கும் இப்படிச் சொல்ல மாட்டேன். எழுத்தாளர் கஃப்கா தன் கையெழுத்துப் பிரதிகளையும் கடிதங்களையும் எரித்துவிடும்படி நண்பர் மக்ஸ் பிரோட்டிடம் கேட்டுக்கொண்டவர். பிரோட் எரிக்கவில்லை. காதலியரான மிலேனாவுக்கு எழுதியவை 1952இலும் பெலிஸுக்கு எழுதியவை 1967இலும் அச்சாகின. பெரிய எழுத்து, மறுக்கவில்லை. ஆனாலும் யாராவது தேடி வந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பேனே தவிர, நானாக நீட்டுவதில்லை. செக்கோவை முடித்ததும் உடனே அங்கே போக வேண்டாம்.

அயல்வீட்டுத் தாய்மாரின் விடயத்துக்கு வருகிறேன். குவைத்திலிருந்தோ சவூதியிலிருந்தோ மகள் எழுதிய காயிதத்தைத் தாய் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் வளவுக்குள் வந்திருப்பார். எஜமானி வீட்டில் படும் பாட்டை எழுதிய வரியை எந்தக் குரலில் வாசிப்பது, எந்த இடத்தில் நிறுத்தி அந்தத் தாயின் முகத்தைப் பார்ப்பது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாசித்ததை இன்னொரு வீட்டில் போய்க் கதைத்திருக்க மாட்டீர்கள். மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களில் எத்தனையோ ஆசிரியர்கள் இந்த வேலையைச் செய்தார்கள். நம் ஊர்களில் கடிதம் எழுதியவருக்கும் பெற்றவருக்கும் இடையில் வாசித்துக் காட்டும் மூன்றாவது ஆள் ஒருவர் எப்போதும் இருந்தார். அந்த ஆளுக்கென்று ஒரு நாகரிகமும் இருந்தது. அதே நாகரிகத்தோடு செக்கோவையும் வாசியுங்கள். தம்பிக்கும் இதைச் சொல்லலாம்.

ஆனால் அவர் காட்டிய பக்கத்தை இப்படிச் சமாளித்துவிட முடியாது.

1890 ஏப்ரலில் செக்கோவ் மொஸ்கோவை விட்டுப் புறப்பட்டார். சைபீரியாவுக்கு ரயில் பாதை போடப்படாத காலம். குதிரை வண்டியிலும் படகிலுமாகப் போய், ஜூலையில் கைதிகளின் தீவான சகாலினை அடைந்தார். அங்கே மூன்று மாதத்துக்கும் மேல் தங்கி, வீடு வீடாகப் போய், ஏறத்தாழ பத்தாயிரம் பேரின் விவரங்களை அட்டைகளில் பதிந்தார். திரும்பி வந்தது கடல்வழியாக. ஹொங்கொங், சிங்கப்பூர் தாண்டி நவம்பரில் கொழும்பில் இறங்கினார். கண்டிவரை ரயிலில் போனார். நரகத்தையும் பார்த்தேன், அது சகாலின். சொர்க்கத்தையும் பார்த்தேன், அது இலங்கை என்று ஒரு நண்பருக்கு எழுதினார். டிசம்பரில் பதிப்பாளர் சுவோரினுக்கு எழுதிய கடிதத்தில்தான் தம்பி காட்டிய அந்த இடம் வருகிறது. நிலவொளியில் ஒரு தென்னந்தோப்பில், கருவிழிப் பெண்ணொருத்தியோடு இருந்ததை ஒரு சாதனைபோலச் சொல்லிக்கொள்கிறார். பல பதிப்புகள் இந்த வரிகளை வெட்டிவிட்டன. உங்களிடம் இருப்பது ரோசமண்ட் பார்ட்லெட்டும் அன்தனி பிலிப்ஸும் மொழிபெயர்த்தது. வெட்டப்பட்டவற்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் தரவேண்டும் என்றே செய்யப்பட்ட பதிப்பு அது. அதனால்தான் தம்பியின் கண்ணில் பட்டிருக்கிறது.

‘அந்தக் காலம் அப்படி’ என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த இடத்தில் தம்பிக்கு வந்த கோபம் சரியானது. அவள் யார், எந்த ஊர், விருப்பத்தோடு வந்தாளா, வறுமை கொண்டுவந்து நிறுத்தியதா, எதுவும் எங்கேயும் பதியப்படவில்லை. அவளைப் பற்றி உலகத்தில் மிஞ்சியிருப்பது அவரது பெருமிதம் மட்டும். கடிதத் தொகுப்புகளை எவ்வளவு நேசித்தாலும் இதை நாம் மறக்கக் கூடாது. எழுதத் தெரிந்தவரும், எழுதியதைக் காப்பாற்றி வைக்க ஆள் கிடைத்தவரும்தான் அவற்றில் பேசுகிறார்கள். சுவோரின் பெரும் பணக்காரர், பத்திரிகை முதலாளி; அவர் செக்கோவுக்கு எழுதிய கடிதங்கள்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உரையாடலில் நாம் கேட்பது ஒரு பக்கத்தை மட்டுமே. தென்னந்தோப்புப் பெண்ணின் பக்கம் எழுதப்படவேயில்லை.

ஆனாலும் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடச் சொல்ல மாட்டேன். சகாலினில் பெண் கைதிகள் படும் பாட்டைக் கண்டு உள்ளுக்குள் நொறுங்கியவரும், ஊர் திரும்பியதும் அந்தத் தீவின் பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் சேர்த்து அனுப்பியவரும் இவரேதான். இரண்டும் ஒரு சில மாத இடைவெளிக்குள். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர் இந்த இரண்டையும் தராசில் வைத்து ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவை நமக்குத் தருவார். கடிதங்களில் அப்படி ஒருவர் நடுவில் இல்லை. அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு மனிதரையும் நீங்களே சந்திக்க வேண்டியிருக்கிறது. தம்பிக்கு நேரமிருந்தால் அந்த 1890ஆம் ஆண்டு முழுவதையும் வாசிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் அவர் செக்கோவை வெறுத்தால் அது அவருடைய உரிமை.

வம்பு கேட்கும் இன்பமா இது என்று கேட்டிருந்தீர்கள். இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். வம்பில் இரகசியம் வெளியே வந்ததும் ஆள் சிறுத்துப் போவார், நமக்கும் அவரில் இருந்த அக்கறை தீர்ந்துவிடும். உங்களுக்கு நடப்பது அதற்கு நேர்மாறு. இரகசியமே இல்லாத பக்கங்களுக்கும் பின்னேரம் திரும்பிப் போகிறீர்கள்.

அந்த இன்பம் எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. 1889இல் ஓர் இளம் எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில் செக்கோவ் ஒரு விதியைச் சொன்னார். சுடும் எண்ணம் யாருக்கும் இல்லையென்றால், குண்டு நிரப்பிய துவக்கை மேடையில் வைக்கக் கூடாது. நாடகத்துக்கும் கதைக்கும் அது நல்ல விதி. ஆனால் அவருடைய சொந்தக் கடிதங்கள் அந்த விதிக்குள் அடங்கவேயில்லை. பெரிய திட்டமொன்று வரும், அடுத்த கடிதத்தில் காணாமல் போய்விடும். ஒருவருடைய பெயர் பத்துக் கடிதங்களில் வந்து பிறகு மறைந்துபோகும். முக்கியமான ஒன்று எந்த அழுத்தமும் இல்லாமல், கடன் பாக்கிக்கும் விருந்தாளிகளுக்கும் நடுவில் வந்து கிடக்கும். கதையை எழுதுகிறவருக்கு முடிவு தெரியும். கடிதம் எழுதுகிறவருக்கு நாளைக்கு என்ன என்பதே தெரியாது. ஆனால் வாசிக்கும் நமக்குத் தெரியும்.

விஞ்ஞானம் படிப்பித்த உங்களுக்கு 1888 ஒக்டோபரில் சுவோரினுக்கு எழுதிய கடிதம் நினைவிருக்கும். இருமும்போது இரத்தம் வருகிறது என்று எழுதுகிறார். எந்தக் காலத்தில் வருகிறது, எவ்வளவு வருகிறது என்று ஒரு வைத்தியருக்குரிய ஒழுங்கோடு விவரிக்கிறார். பிறகு அதே வைத்தியர், இது காசநோய் இல்லை என்று வாதாடித் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்கிறார். 1897 மார்ச்சில் உணவகத்தில் சுவோரினோடு உட்கார்ந்திருக்கும்போது வாயால் இரத்தம் கொட்டி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோன பிறகுதான் மற்ற வைத்தியர்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறார். இடையில் எட்டு வருடத்துக்கும் மேல். அந்த எட்டு வருடக் கடிதங்களை வாசிக்கும்போது, நோயின் பெயரை அறிந்த ஒரே ஆள் நாம்தான்.

சந்தோஷமான பக்கத்திலும் இதுவே நடக்கிறது. 1896 ஒக்டோபரில் ‘கடற்பறவை’ நாடகம் பீட்டர்ஸ்பர்க்கில் படுதோல்வி அடைகிறது. மறுநாளே ஊரை விட்டுப் போய்விடுகிறார். இனி நாடகம் எழுதுவதில்லை, மேடைக்குக் கொடுப்பதுமில்லை என்று எழுதுகிறார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா என்று சொல்லத் தோன்றுகிறதா இல்லையா? 1898 டிசம்பரில் மொஸ்கோ கலையரங்கு அதே நாடகத்தைப் போட்டு வெற்றி பெறும் என்பதும், அதில் நடித்த ஒல்கா கினிப்பரை 1901இல் அவர் மணம் முடிப்பார் என்பதும், இன்னும் பெரிய நாடகங்கள் வரப்போகின்றன என்பதும் நமக்குத் தெரியும். சத்தியம் செய்தவருக்குத் தெரியாது.

1886 வசந்தத்தில் இப்படியே இன்னொன்று. வயது 26. குடும்பத்துக்குச் சோறு போடுவதற்காகப் புனைபெயரில் நகைச்சுவைத் துணுக்குகள் எழுதிக்கொண்டிருந்த இளம் வைத்தியர். பழம்பெரும் எழுத்தாளர் கிரிகரோவிச்சிடமிருந்து திடீரென்று ஒரு கடிதம் வருகிறது. உன்னிடம் உண்மையான திறமை இருக்கிறது, அவசரமாக எழுதுவதை நிறுத்து என்கிறது அது. செக்கோவ் எழுதிய பதிலில் மின்னல் தாக்கியவரின் பதற்றம். ஒரு நாளுக்கு மேல் உழைத்து எழுதிய கதை ஒன்றுகூடத் தனக்கு நினைவில் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு அவர் என்ன ஆனார் என்பதைப் பிற்காலத்துப் பேட்டி ஒன்றில் அவரே நினைவுகூர்ந்து சொல்லியிருந்தால், அதில் எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். இந்தப் பதற்றம் இருந்திருக்காது.

சின்ன விடயங்களின் சுகத்தையும் சொல்ல வேண்டும். கொழும்பில் அவர் கீரிகள் வாங்கிய கதை உங்களுக்குப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். எலி, முதலை, புலி, குரங்கு எல்லாம் கலந்த பிராணி என்று நண்பர் லெய்கினுக்கு எழுதுகிறார். பெண் கீரி என்று சொல்லி விற்கப்பட்ட மூன்றாவது பிராணி ஒரு மரநாயாகப் போய்விட்டது. மொஸ்கோ வீட்டில் கீரி பாத்திரங்களை உடைக்கிறது, சுவரொட்டுத் தாளைக் கிழிக்கிறது. கடைசியில் மிருகக்காட்சிச்சாலைக்குப் போகிறது. நம் வளவுகளில் தினமும் ஓடித் திரியும் கீரியைப் பனி கொட்டும் மொஸ்கோவில் வைத்துப் பார்க்கும் சுகம், ரஷ்ய வாசகர்களைவிட நமக்குக் கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எது உண்மையான செக்கோவ் என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதும்போது வாய் கூசாமல் பகிடி விடுவார். சுவோரினிடம் இலக்கியமும் அரசியலும் பேசுவார். 1898இல் பிரெஞ்சு எழுத்தாளர் எமில் சோலாவுக்காக வாதாடி அவரோடு முரண்படவும் செய்வார். மரியாவுக்கு வீட்டு வேலைகளின் பட்டியல் போகும். ஒல்காவுக்கு எழுதிய நானூறுக்கும் மேற்பட்ட கடிதங்களில் அவளை நாய் என்றுகூடச் செல்லமாக அழைப்பார். அவள் மொஸ்கோவில் மேடையில், அவர் நோயோடு யால்ட்டாவில். பிரிந்திருந்ததால்தான் அத்தனை கடிதங்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் அவர் வேறு வேறு ஆளாக இருந்தார். நீங்கள் வகுப்பறையில் ஒருவர், மகளோடு தொலைபேசியில் இன்னொருவர். இதில் எதுவும் பொய் இல்லை.

சரி, இப்போது 1904.

உங்களை இத்தனை நாள் இழுத்துப் பிடித்திருந்த அதே காரணம்தான் இந்த இடத்தில் நிறுத்தியும் வைத்திருக்கிறது. அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிகிறது. அந்தப் பாரத்தை இனிமேல் தாங்க முடியாது என்று நினைக்கிறீர்கள். ஆனால் அந்தக் கடிதங்களில் நீங்கள் பயப்படும் காட்சி இல்லை. ஏப்ரலில் ஒல்கா, வாழ்க்கை என்றால் என்ன என்று கேட்டதற்கு, கரட் என்றால் என்ன என்று கேட்பதுபோல் இருக்கிறது உன் கேள்வி, கரட் என்றால் கரட், அதற்குமேல் ஒன்றும் தெரியாது என்று பதில் எழுதுகிறார். ஜப்பானோடு போர் நடக்கிறது. உடம்பு இடம்கொடுத்தால் வைத்தியராகத் தூர கிழக்குக்குப் போவேன் என்கிறார். ஜூனில் ஜெர்மனியிலுள்ள பாடன்வைலருக்குப் போகிறார்கள். அங்கிருந்து அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில், இன்னும் ஒரு கிழமையில் முழுவதும் சுகமாகிவிடும் என்கிறார். மரியாவுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் வெக்கை தாங்கவில்லை என்ற முறைப்பாடு இருக்கிறது. தனக்கு பிளனல் உடுப்புத் தைக்கக் கொடுக்க ஒல்கா பிரைபர்க்குக்குப் போவதைச் சொல்கிறார். ஜெர்மன் பெண்களின் உடை ரசனையில் அவருக்குத் திருப்தியில்லை. திரும்பிவரும்போது திரியெஸ்த்திலிருந்து ஒடெசாவுக்குக் கப்பலில் வரலாமா என்று விசாரிக்கிறார். ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி அது ஜூன் 28. இறந்தது ஜூலை 2. வயது 44.

கடைசிவரை பயண ஒழுங்கு செய்துகொண்டிருந்த ஒரு மனிதரைத்தான் நீங்கள் அங்கே சந்திக்கப் போகிறீர்கள். அவரை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டாம். இதுவரை ஒரு நாளைக்குச் சில கடிதங்கள் என்று வாசித்திருப்பீர்கள். இந்தப் பகுதியை அப்படிச் செய்யாதீர்கள், பயம் வளர்ந்துகொண்டே போகும். ஒரு விடுமுறைக் காலையில் ஒரே இருப்பில் வாசித்து முடியுங்கள். மரணத்தைப் பற்றி ஒல்கா பின்னாளில் எழுதியது தனிக் கதை, அதை உடனே தேடிப் போகாதீர்கள். முடிந்ததும் கதைகளுக்குத் திரும்புங்கள். இம்முறை கடிதத்தின் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். 1890 டிசம்பர்க் கடிதத்தில், கப்பலில் இறந்த இருவரைக் கடலில் இறக்கியதைச் சொல்கிறார் இல்லையா? அதோடு ‘குசேவ்’. கதையின் அடியில் கொழும்பு என்றே அவர் குறித்திருக்கிறார். 1892இல் கொலரா பரவியபோது 25 கிராமங்கள், 4 தொழிற்சாலைகள், ஒரு மடாலயம் எல்லாவற்றையும் சம்பளம் இல்லாமல் தனியாகப் பார்த்துக்கொண்ட காலத்துக் கடிதங்களோடு ‘ஆறாம் வார்டு’. யால்ட்டாக் கடிதங்களோடு ‘நாய்க்காரச் சீமாட்டி’. இளவயதில் இந்தக் கதைகள் ஏன் பிடித்துக்கொள்ளவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். இப்போது பிடித்துக்கொள்ளும் என்றே நினைக்கிறேன்.

தமிழில் கேட்டிருந்தீர்கள். முதலில் கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள். இருவரும் இடைசெவல் என்ற ஒரே ஊர்ப் பிள்ளைகள். அழகிரிசாமி சென்னைக்கும், 1952இல் மலாயாவுக்கும் வேலைக்குப் போனவர். இசைமேல் இருவருக்கும் இருந்த பைத்தியமும், ஊரில் நின்றுவிட்ட நண்பனிடம் இருந்த உரிமையும் அந்தக் கடிதங்களில் இருக்கின்றன. சுவோரினுக்கு எழுதிய கடிதங்களில் நீங்கள் கண்ட சிநேகத்தைத் தமிழில் தேடினால் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அடுத்தது ‘கண்மணி கமலாவுக்கு’. புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதியவை. கதைகளில் எல்லாரையும் கிழித்துத் தொங்கவிட்ட அந்த ஆள், வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாமல் எப்படித் தவித்தார் என்று பார்ப்பீர்கள். அவரும் காசநோய்க்காரர், 1948இல் இறந்தவர். அதனால் செக்கோவை முடித்த கையோடு எடுக்க வேண்டாம், சில மாதங்கள் போகட்டும். ரசிகமணி டி.கே.சி.யின் கடிதங்கள் கம்பனில் பிடிப்பு உள்ளவர்களுக்கு விருந்து. மற்றவர்களுக்கு மெதுவாகத்தான் பிடிபடும். சிறுகதை எழுத்தாளர் வண்ணதாசனுடையவை தன்னந்தனியாக வாசிக்க ஏற்றவை. பாரதி 1901இல் காசியிலிருந்து செல்லம்மாவுக்கு எழுதிய கடிதம் மிகச் சிறியது. கவலைப்படும் நேரத்தில் தமிழை நன்றாகப் படி என்று மனைவியிடம் சொல்லும் அந்தக் கடிதத்தைத் தம்பிக்கும் காட்டுங்கள். இவை எல்லாம் இந்தியப் பதிப்புகள். நம் பகுதி நூலகங்களில் எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், கொழும்புப் புத்தகக் கடைகளில் சொல்லித் தருவித்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்து எழுத்தாளர்களின் கடிதங்கள் அச்சில் வந்தது மிகக் குறைவு. கேட்காததையும் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம், இது மனதை வாட்டும் விடயம். மட்டக்களப்பிலிருந்து திருக்கோவில்வரை கவிஞரும் கதைக்காரரும் நிறைந்த கரை இது. அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதாமலா இருந்திருப்பார்கள்? 1978 நவம்பரில் புயல் கூரையோடு கொண்டுபோனது, இடப்பெயர்வுகளில் விட்டுவிட்டு ஓடியது, 2004 டிசம்பரில் கடல் எடுத்தது என்று எத்தனையோ போய்விட்டன. ஆனாலும் சில வீடுகளில் றங்குப் பெட்டியின் அடியில் இன்னும் இருக்கும். படிப்பித்த பிள்ளைகள் ஊர் முழுக்க இருக்கிறார்கள் உங்களுக்கு. அப்படி ஒரு கட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டால் எரிக்க விடாதீர்கள். எழுதியவரின் குடும்பத்தாரிடமும், பெற்றவர் உயிரோடிருந்தால் அவரிடமும் முதலில் சம்மதம் கேளுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் ‘நூலகம்’ மின்னூலகத்தாரிடம் கொடுத்து மின்வடிவமாக்கலாம். 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேகரித்து வருகிறார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் பத்திரமாக வைத்திருக்க மட்டும் சொல்லுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்ட வேண்டாம், சில வருடத்தில் பசை கறுத்து எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். பிளாஸ்டிக்கில் உருக்கி மூடவும் வேண்டாம். உறைகளைக் கழித்து எறிந்துவிடாமல் அந்தந்தக் கடிதத்தோடேயே வைக்கச் சொல்லுங்கள். பலர் கடிதத்தில் திகதி போடுவதில்லை, தபால் முத்திரையைப் பார்த்துத்தான் ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கும்.